பச்சை பரப்பி வரவேற்போம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளே வருஷத்துக்கு ஒருமுறை விருந்துக்குப் போகிறாள். மார்கழியில் பகல்பத்து தொடங்கும் நாளில், பெரியாழ்வார் வம்சத்தாரான வேதபிரான் பட்டரின் திருமாளிகைக்கு, அதாவது தன் பிறந்த வீட்டுக்கு எழுந்தருளுகிறாள். காய்கறிகளையும் பழங்களையும் பரப்பி வைத்து அவளை வரவேற்கிறார்கள். இதற்குப் ‘பச்சை பரப்புதல்’ என்று பெயர். வருகிறவள் தெய்வம்தான், ஆனால் அந்த வாசலில் அவள் வீட்டு மகள்.

பண்டிகை விடுமுறைக்கு ஒரு வெளிநாட்டு மாணவியை வீட்டில் தங்கவைக்கப் போகிற ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க் குடும்பங்களுக்கு இந்தச் சடங்கு நல்ல பாடம். மாணவர் பரிமாற்றத் திட்டங்களும் இதே எண்ணத்தில் அமைந்தவைதான். முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களை ஆம்புலன்சில் ஏற்றிச் சென்ற தொண்டர்களின் அமைப்பாக 1914இல் தொடங்கிய ஏ.எஃப்.எஸ்., 1947 முதல் மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பி, குடும்பங்களோடு தங்கவைத்து வருகிறது. ரோட்டரி சங்கமும் அப்படியொரு திட்டம் நடத்துகிறது. அங்கே தங்குகிற பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்க வேண்டும் என்பதே ஏற்பாடு.

முதலில் பதிவு

வெளிநாட்டவர் யார் வீட்டில் தங்கினாலும், வந்த 24 மணி நேரத்துக்குள் அவருடைய பாஸ்போர்ட், விசா விவரங்களை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையம் வழியாகத் தெரிவிக்க வேண்டும். வெகுகாலம் ‘சி படிவம்’ என்று வழங்கியது இதுதான். விடுதிகளுக்கு மட்டும்தான் இந்த விதி என்று பலர் நினைக்கிறார்கள். காசு வாங்காமல் தங்கவைத்தாலும் வீட்டுக்காரருக்கு இந்தப் பொறுப்பு உண்டு.

அடுத்து, வீட்டைப் பற்றி

எதைத் தின்றால் ஒத்துக்கொள்ளாது என்பதை வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பாலோ கடலையோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு நம் பண்டிகைப் பலகாரங்களில் பாதி ஆகாது. வீட்டு வழக்கங்களை முதல் நாளே சொல்லுங்கள்: செருப்பு வாசலோடு, சாப்பாடு வலது கையால், பூஜை அறைக்குள் போகலாமா கூடாதா. ராஜபாளையத்தில் ராஜு குடும்பம் என்றால், வீட்டுக்குள் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுவதைக் கேட்டுப் பிள்ளை குழம்பும், அதையும் விளக்குங்கள். வீட்டில் ராஜபாளையம் நாய் இருந்தால் கட்டாயம் எச்சரிக்க வேண்டும். தபால் தலையில் இடம்பெற்ற அழகன்தான். ஆனால் காவலுக்குப் பேர்போன இனம். புது ஆள் தடவிக்கொடுக்கப் போனால் சும்மா இருக்காது.

யாரை எப்படிக் கூப்பிடுவது என்றும் சொல்லிக்கொடுங்கள். ‘ஆன்ட்டி’ என்று ஆரம்பிக்கிற பிள்ளை, ‘அத்தை’ என்றோ ‘அம்மாச்சி’ என்றோ கூப்பிடத் தொடங்கும்போது பாதிக் கூச்சம் போய்விடும்.

கோயில் வாசலில்

சங்கடம் பெரும்பாலும் இங்கேதான் வரும். பழனிக் கோயில் வழக்கில் 2024 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்து அல்லாதவர்களைக் கொடிமரத்தைத் தாண்டி அனுமதிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. சுவாமியிடம் நம்பிக்கை உண்டு, கோயில் வழக்கங்களைப் பின்பற்றுவேன் என்று உறுதி எழுதிக் கொடுப்பவர்களுக்கு அதே தீர்ப்பு வழிவிட்டிருக்கிறது. இதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். கூட்டத்துக்கு நடுவே தடுத்து நிறுத்தினால் பிள்ளை கூனிக் குறுகிப்போகும்.

உள்ளே போக முடியாவிட்டாலும் நஷ்டம் அதிகமில்லை. தமிழக அரசு முத்திரையில் நாம் பார்க்கிற ஸ்ரீவில்லிபுத்தூரின் 11 நிலைக் கோபுரம் தெருவிலிருந்தே தெரியும். உற்சவ மூர்த்தி வீதிக்கு வருவதே எல்லோர் கண்ணிலும் படத்தான். ஆண்டாள் பாடிய திருப்பாவையின் 30 பாசுரங்களும் மார்கழி முழுக்க விடியற்காலையில் ஒலிபெருக்கியில் கேட்கும்.

ஆனால் பண்டிகையை வெறுமனே வேடிக்கை பார்க்க வைத்தால் இரண்டு நாளில் சலித்துவிடும். கையில் ஒரு வேலை கொடுங்கள். வாசல் தெளிக்கட்டும், புள்ளி வைக்கட்டும், பொங்கலன்று பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்டட்டும். கோலம் கோணினால் கோணட்டும். பிறந்த வீட்டு மகளுக்கு யாராவது மதிப்பெண் போடுவார்களா? கிறிஸ்துமஸ் கொண்டாடுகிற பிள்ளையாக இருந்தால், டிசம்பர் 25 அன்று ஊரிலுள்ள தேவாலயத்துக்கு அழைத்துப் போங்கள். பெற்றோரோடு பேசத் தனியாகக் கொஞ்ச நேரமும் விடுங்கள். வீட்டு நினைவு வாட்டுவது பண்டிகை நாளில்தான்.

கிளம்பும்போது

மகளை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைக் கிலோக் கணக்கில் கட்டிவிடுவோம். ஆனால் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் வெளியிலிருந்து வரும் பயணிகள் பால் பண்டங்களைக் கொண்டுபோகத் தடை இருக்கிறது. விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளை என்றால் பால்கோவாவை இங்கேயே தின்று தீர்க்கட்டும். பெட்டியில் கோலப்பொடி டப்பாவையும் புள்ளிக்கோல நோட்டையும் வையுங்கள். அடுத்த மார்கழியில் ஏதோ ஒரு வெளிநாட்டு வாசலில் கோணல் கோலம் ஒன்று விழும்.