ஒரு எழுத்து மாறினால் மொத்த சோர்ஸ் கோடும் காலி: ஃப்ரீபிஎஸ்டி அப்டேட்டை செட் செய்வதில் என்ன சிக்கல்?

போனில் அப்டேட் நோட்டிஃபிகேஷன் வந்தால் என்ன செய்வோம்? 'இன்றிரவு' என்று தட்டிவிட்டு, சார்ஜில் போட்டுத் தூங்கிவிடுவோம். ஃப்ரீபிஎஸ்டி பயன்படுத்துபவர்களில் ஒரு கூட்டம் அப்படித் தூங்குவதில்லை. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் முழு சோர்ஸ் கோடையும் தங்கள் மெஷினில் இறக்கிவைத்து, அதை அவ்வப்போது புதுப்பித்து, தாங்களே கம்பைல் செய்து இன்ஸ்டால் செய்கிறார்கள்.

ஃப்ரீபிஎஸ்டி-யா, கேள்விப்பட்டதே இல்லையே என்கிறீர்களா? பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யூனிக்ஸின் வழியில் 1993-ல் உருவான ஓப்பன் சோர்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் இது. நெட்ஃப்ளிக்ஸில் நீங்கள் பார்க்கும் படத்தை அனுப்பும் சர்வர்களில் ஓடுவது இதுதான். பிளேஸ்டேஷன் 4-ன் சிஸ்டமும் இதிலிருந்து எடுத்துச் செய்யப்பட்டதே.

இந்தக் கோடைப் புதுப்பிக்கப் பல வருடங்களாகப் பயன்பட்ட டூலின் பெயர் சிவிஎஸ்அப். ஜான் போல்ஸ்ட்ரா 1990-களில் எழுதியது. அதுவும் சி மொழியில் அல்ல, மாடுலா-3 என்ற மொழியில்! மோடம் காலத்தில் முழு ஃபைலையும் இறக்காமல், மாறிய பகுதியை மட்டும் கொண்டுவந்து சேர்த்ததுதான் அதன் சாமர்த்தியம்.

அதன் செட்டிங் எல்லாம் 'சப்ஃபைல்' என்ற ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும். எந்த சர்வரிலிருந்து இறக்க வேண்டும், எந்த ஃபோல்டரில் போட வேண்டும், எந்த பிராஞ்ச் வேண்டும் என்று சில வரிகள், அவ்வளவுதான். ஆனால் அந்த பிராஞ்ச் பெயரைக் குறிக்கும் 'டேக்' வரியில் ஒரு எழுத்து தப்பாக அடித்தால் கதை கந்தல். தப்பான பெயர் என்று டூலுக்குத் தெரியாது. 'இந்தப் பெயரில் ஒரு ஃபைலும் இல்லை போல' என்று எடுத்துக்கொள்ளும். அழிக்கவும் அனுமதி கொடுத்திருந்தால், உங்கள் மெஷினில் இருக்கும் சோர்ஸ் ஃபைல்களை வரிசையாக அழித்துவிடும். சொன்னதைச் செய்தேன் என்ற ரகம். இதைப் பற்றி ஃப்ரீபிஎஸ்டி கையேட்டிலேயே எச்சரிக்கை இருந்தது.

இது கைத்தவறு. அதைவிடப் பெரிய பிரச்னை 2012-ல் வெளியே வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 17 அன்று, தங்கள் கணினிகளில் இரண்டில் யாரோ ஊடுருவியிருப்பதாக ஃப்ரீபிஎஸ்டி அறிவித்தது. ஒரு டெவலப்பரின் எஸ்எஸ்ஹெச் கீ கசிந்ததுதான் காரணம். சிஸ்டத்தின் மூலக் கோடில் யாரும் கைவைத்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் எல்லோர் மனதிலும் ஒரு கேள்வி எழுந்தது: அப்டேட் என்று நாம் இறக்குவது உண்மையில் டெவலப்பர்கள் எழுதியதுதானா? வழியில் யாரும் மாற்றவில்லை என்பதை உறுதிசெய்யும் வசதி சிவிஎஸ்அப் முறையில் இல்லை. அதை ஓய்வுக்கு அனுப்பும் வேலை அதன் பிறகு வேகமெடுத்தது. நடுவில் சில ஆண்டுகள் சப்வெர்ஷன் இருந்தது. 2020 டிசம்பரில் சிஸ்டத்தின் கோட் கிட்-டுக்கு மாறியது.

சரி, இப்போது எப்படி செட் செய்வது?

கிட் தெரிந்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. ஃப்ரீபிஎஸ்டி-யின் கிட் சர்வரிலிருந்து ஒருமுறை குளோன், அதன்பின் தேவைப்படும்போதெல்லாம் ஒரு புல். பிராஞ்ச் பெயரைத் தப்பாகக் கொடுத்தால் கிட் எரர் காட்டி நின்றுவிடும், எதையும் அழிக்காது. அந்தப் பழைய பயம் போயிற்று.

ஆனால் எந்த பிராஞ்ச் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். 'மெயின்' என்பது டெவலப்பர்கள் தினமும் கைவைக்கும் இடம். இன்று ஓடுவது நாளை ஓடாமல் போகலாம். நெட்ஃப்ளிக்ஸ் இதையே பின்தொடர்கிறது, ஆனால் அவர்களிடம் அதற்கென்றே இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். 'ஸ்டேபிள்' என்பது அடுத்த ரிலீஸுக்கான தயாரிப்பு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதிலும் புது மாற்றங்கள் வந்துகொண்டே இருக்கும். சர்வர் வைத்திருப்பவர்களுக்குத் தேவை 'ரெலெங்'. வெளியான ஒரு பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியமான பிழைத் திருத்தங்களும் மட்டுமே அதில் சேரும்.

பலரும் கோட்டைவிடும் இடமும் இந்த ரெலெங்தான். அடுத்த பாயின்ட் ரிலீஸ் வந்து சில மாதங்களில் பழைய ரெலெங்குக்கு ஆதரவு நின்றுவிடும். கிட்-டுக்கு அது தெரியாது. நீங்கள் எத்தனை முறை புல் அடித்தாலும் 'எல்லாம் லேட்டஸ்ட்' என்றே சொல்லும். ஓட்டை இருக்கும், அடைக்க ஆள் இருக்காது. அதனால் ஆதரவு முடியும் தேதியை ஃப்ரீபிஎஸ்டி-யின் பாதுகாப்புப் பக்கத்தில் பார்த்து, காலண்டரில் குறித்துவைப்பது நல்லது.

கோட் இறங்கியதும் உடனே கம்பைலில் குதிக்காதீர்கள். சோர்ஸ் ஃபோல்டரின் மேல்மட்டத்திலேயே 'அப்டேட்டிங்' என்று ஒரு ஃபைல் இருக்கும். இந்தத் தேதிக்குப் பிறகு இது மாறியது, இதைச் செய்துவிட்டு மேலே போ என்ற குறிப்புகள் அதில் இருக்கும். சிக்கலில் மாட்டியவர்கள் பலர் கடைசியாகத்தான் அதைத் திறக்கிறார்கள்.

அப்புறம் வரிசை. 'பில்ட்வேர்ல்டு', 'பில்ட்கெர்னல்', புது கெர்னலை இன்ஸ்டால் செய்து ரீபூட், அதன்பிறகே 'இன்ஸ்டால்வேர்ல்டு'. புது கெர்னலில் பழைய புரோகிராம்கள் பொதுவாக ஓடிவிடும். புது புரோகிராம்கள் கேட்பதோ பழைய கெர்னலுக்குப் புரியாமல் போகலாம், அதனால்தான் கெர்னல் முதலில். நீங்கள் மாற்றிய செட்டிங் ஃபைல்களையும் புதிதாக வந்தவற்றையும் ஒப்பிட்டுச் சேர்க்க 'இடிசி-அப்டேட்' என்ற டூல் இருக்கிறது. எது வேண்டும் என்று அது கேட்கும்போது யோசிக்காமல் புதியதையே தேர்ந்தெடுத்தால், உங்கள் செட்டிங் போய்விடும்.

கம்பைல் எல்லாம் நமக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு 'ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட்' என்ற டூல் உண்டு. கையெழுத்திட்ட ரெடிமேட் ஃபைல்களை இறக்கித் தரும். அதன் கான்ஃபிக் ஃபைலில் 'காம்பொனென்ட்ஸ்' என்ற வரியில் சோர்ஸ், வேர்ல்டு, கெர்னல் மூன்றும் இருக்கும். சோர்ஸை கிட் மூலம் வைத்திருப்பவர்கள் அந்த வரியிலிருந்து சோர்ஸை நீக்கிவிட வேண்டும். இல்லையென்றால் ஒரே ஃபோல்டரில் இரண்டு டூல்கள் எழுதி, அடுத்த புல்லில் சண்டை நிச்சயம்.

இதைத் தினமும் தானாக ஓடவிட 'க்ரான்' என்ற ஆப்ஷன் இருக்கிறது. உலகமே ஒரே நொடியில் சர்வரில் மோதக் கூடாது என்று, 1 முதல் 3,600 நொடிகளுக்குள் ஏதோ ஒரு நேரம் காத்திருந்துவிட்டு இறக்கும். ஆனால் அது இறக்க மட்டும்தான் செய்யும், இன்ஸ்டால் செய்யாது. அப்டேட் வந்திருக்கிறது என்ற மெயில், ரூட் கணக்கின் இன்பாக்ஸுக்குப் போகும். அந்த இன்பாக்ஸைக் கடைசியாக யார், எப்போது திறந்தார்கள் என்பதை உங்கள் ஆபீஸ் அட்மினிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.