‘வரலாறு காணாத வெள்ளம்’: கணக்கு எங்கிருந்து வருகிறது?

வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் சில நாட்களே இருக்கின்றன. அதற்குள் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவையுங்கள் என்று வாசகர்கள் எழுதியபடி இருக்கிறார்கள். காவிரி, கொள்ளிடக் கரையோர ஊர்களிலிருந்து வரும் கடிதங்களின் சாரம் இதுதான்: “அதிகக் கன அடி திறந்ததாகச் செய்தி சொல்கிறது. ஆனால், குறைவாகத் திறந்த பழைய வருடத்தில்தான் தண்ணீர் கரையைத் தொட்டது. இதில் எது பெரிய வெள்ளம்?”

கன அடி, டிஎம்சி எல்லாம் பழகிய சொற்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மத்திய நீர் ஆணையம் ஒவ்வோர் அளவீட்டு இடத்திலும் மூன்று கோடுகளை வைத்திருக்கிறது: எச்சரிக்கை அளவு, அபாய அளவு, இதுவரை பதிவான உச்ச அளவு. அபாய அளவைத் தாண்டினால் கடுமையான வெள்ளம். உச்ச அளவையே எட்டிவிட்டால் அதிதீவிர வெள்ளம். இதில் ‘இதுவரை’ என்பது அந்த இடத்தில் அளவெடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து மட்டும்தான். நாற்பது ஆண்டுப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ‘வரலாறு காணாத’ என்று அறிவிக்க யாருக்கும் உரிமை இல்லை. ஓர் ஊரின் அபாய அளவு அந்த ஊர்க் கரைக்கு உரியது; அடுத்த ஊரோடு ஒப்பிட உதவாது.

நான் நின்று பேச விரும்புவது கன அடிக் கணக்கைப் பற்றி. பெருவெள்ளத்தின் உச்சத்தில் அந்த எண்ணைப் பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை. அளக்கப்படுவது நீர்மட்டம். எண் அதிலிருந்து வருவிக்கப்படுகிறது.

வருவிக்கும் முறை இது. ஆறு அமைதியாக ஓடும் நாட்களில் பாலத்திலிருந்தோ படகிலிருந்தோ கரண்ட் மீட்டரை இறக்கி, குறுக்காகப் பல இடங்களில் நீரின் வேகத்தை எடுக்கிறார்கள். வேகத்தை நீரின் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் ஓட்டம். அன்றைய நீர்மட்டத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்கிறார்கள். இப்படிப் பல மட்டங்களில் எடுத்த புள்ளிகளை இணைத்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். பொறியாளர்கள் அதை ரேட்டிங் கர்வ் என்கிறார்கள். அதன் பிறகு மட்டத்தைப் பார்த்தாலே ஓட்டம் தெரிந்துவிடும். மிக அழகான ஏற்பாடு. எளிய அளவுகோல் ஒன்றை வைத்து ஓர் ஆற்றையே கணக்கில் கொண்டுவந்துவிடுகிறது.

சிக்கல் வளைகோட்டின் உச்சியில் இருக்கிறது. மரங்களைப் புரட்டிக்கொண்டு வரும் வெள்ளத்தில் யாரும் மீட்டர் இறக்க மாட்டார்கள். எனவே கடைசிப் புள்ளிக்கு மேலே கோட்டைக் கணிப்பால் நீட்டுகிறார்கள். நமக்கு அறிவிக்கப்படும் மிகப் பெரிய எண்கள் பலவும் அந்த நீட்டிய பகுதியிலிருந்து வருபவை. அவற்றோடு பிழை வரம்பையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் அதிகாரிகளிடம் இல்லை. இது என்னை உறுத்துகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல், ஆறு மாறினால் கோடும் மாறிவிடும் என்பது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மிசிசிப்பி 1908இல் சுமார் 8.5 லட்சம் கன அடி ஓடியதாகப் பதிவு. நீர்மட்டம் 35 அடி. 1973இல் ஏறக்குறைய அதே ஓட்டத்துக்கு மட்டம் 43 அடிக்கு ஏறி, அதுவரையிலான சாதனையை முறியடித்தது. கப்பல் போக்குவரத்துக்காக ஆற்றைக் குறுக்கியதும், கரைகளை உயர்த்தி வெள்ளச் சமவெளியை அடைத்ததும்தான் காரணம் என்று சார்லஸ் பெல்ட் 1975இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். பழைய அளவீடுகளே மிகைப்பட்டவை என்று மறுத்தவர்களும் உண்டு. 1844 வெள்ளம் நீண்ட காலம் 13 லட்சம் கன அடி என்று ஏட்டில் இருந்தது. பின்னர் சுமார் 10 லட்சமாகக் குறைக்கப்பட்டது. அந்த மறுப்பில் அறிவியல் நியாயம் இருக்கிறது. ஆனால், பழைய வெள்ளத்தின் ஓட்டத்தைக் குறைத்தால் குறுக்கிய கரைகளின் மீதான குற்றமும் குறைகிறது. எந்தத் திருத்தம் யாருக்குச் சாதகம் என்றும் பார்த்தாக வேண்டும்.

கொள்ளிடத்தில் இதன் மறுபக்கம் நடக்கிறது. மணல் அள்ளி அள்ளிப் படுகை தாழ்ந்த இடத்தில் அதே ஓட்டம் தாழ்வான மட்டத்தில் போகும். கரையிலிருந்து பார்ப்பவருக்கு வெள்ளம் சிறிதாகத் தோன்றும். பாலத் தூண்களின் அடியில் அது பெரியது. 2018 ஆகஸ்டில் திருச்சியில், 1928இல் திறக்கப்பட்ட பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதே மாதம் 22ஆம் தேதி முக்கொம்பு மேலணையின் ஒன்பது ஷட்டர்கள் உடைந்தன. கடிதம் எழுதியவர்களுக்கு என் பதில்: ஆற்றுக்கு ஓட்டம்தான் வெள்ளம், வீட்டுக்கு மட்டம்தான் வெள்ளம். இரண்டையும், படுகையின் அன்றைய நிலையோடு சேர்த்துக் கேளுங்கள்.

இந்த எண்களைக் கொண்டுதான் ‘நூறாண்டு வெள்ளம்’ என்ற கணக்கும் போடப்படுகிறது. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே அதன் பொருள். முப்பது ஆண்டுகளில் ஒருமுறையாவது வரும் வாய்ப்பு நூற்றுக்கு 26. வீட்டுக்கடன் கட்டி முடிக்கும் காலத்துக்குள் நாலில் ஒரு பங்கு! இதை ‘எதிர்பாராதது’ என்று சொல்லிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது.

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. நூறாண்டு காணாத மழை என்றது அரசுத் தரப்பு. மழைக்கு அது பொருந்தலாம். அடையாற்றின் வெள்ளம் மழையால் மட்டும் ஆனதல்ல. 29,000 கன அடி வரை திறந்த செம்பரம்பாக்கம் ஏரி நிர்வாகத்தை, 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை கண்டித்தது. இது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றது. மேலே ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரியும் அதே ஆற்றில்தான் வந்தது. நாமோ ஆற்றின் மொத்த ஓட்டத்தை விட்டுவிட்டு ஒரே ஏரியின் மதகு எண்ணைச் சுற்றியே வாதிட்டோம்.

மற்ற கேள்விகள்:

கேரளத்தில் 2018 பெரிதா, 1924 பெரிதா? மூன்று நாள் மழை ஏறத்தாழ சமம் என்றது நீர் ஆணையம். 1924இல் இடுக்கி அணை இல்லை, எனவே ஆற்றை ஒப்பிடுவது வீண்.

உயிரிழப்பை வைத்து ஒப்பிடலாமா? அது எச்சரிக்கை எவ்வளவு முன்னால் வந்தது என்பதையும் சேர்த்தே அளக்கும்.

பண இழப்பை வைத்து? தாழ்வான நிலத்தில் கட்டடம் பெருகினால் சிறு வெள்ளமும் பெரிதாகத் தெரியும்.

அணையிலிருந்து திறப்பது நேரடியாக அளக்கப்படுகிறதா? பெரும்பாலும் இல்லை, ஷட்டர் எவ்வளவு தூக்கப்பட்டது, நீர்மட்டம் என்ன என்பதைச் சூத்திரத்தில் போட்டு எடுக்கிறார்கள்.

நாம் செய்ய என்ன இருக்கிறது? வெள்ளம் வடிந்ததும் சுவரில் நீர் நின்ற உயரத்தைக் கீறி, தேதி எழுதி, வெள்ளையடிக்கும் முன் படமெடுத்து வையுங்கள். உச்ச ஓட்டத்தைப் பின்னர் கணக்கிட வரும் பொறியாளர் முதலில் தேடுவது அந்தத் தடங்களைத்தான்.