ஆஸ்பத்திரிக்கு ஆள் தேவை! எதைப் படிப்பது? ஏமாறாமல் தப்புவது எப்படி?

சென்னை நகரில் தடுக்கி விழுந்தால் ஓர் ஆஸ்பத்திரி வாசல்! அடையாறு, கீழ்ப்பாக்கம், வடபழனி, ஓ.எம்.ஆர். சாலை என்று எங்கே பார்த்தாலும் மாடிக்கு மேல் மாடி. கட்டில் இருக்கிறது. எந்திரம் இருக்கிறது. டாக்டர்களின் பெயர்ப்பலகையும் நீளமாக இருக்கிறது.

ஆனால் நோயாளியின் பக்கத்தில் நிற்க ஆள்தான் போதவில்லை!

"நர்சுகள் தேவை", "லேப் டெக்னீசியன் தேவை", "பார்மசிஸ்ட் உடனே தேவை" என்று போர்டு தொங்குகிறது. அதைப் பார்க்கும் பெற்றோருக்கு ஆசை வருகிறது. "பொண்ணை நர்சிங் சேர்த்தா பொழைச்சுக்கும்" என்கிறார்கள். நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறார்கள்.

பிழைக்கலாம், உண்மைதான். ஆனால் எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று பார்த்துச் சேர்ந்தால்தான் பிழைக்கலாம். பார்க்காமல் சேர்ந்தால் பணமும் போகும், வருஷமும் போகும்.

10 கட்டிலுக்கு 39 பேர்!

ஏன் இவ்வளவு ஆள் தேவைப்படுகிறது? ஒரு சின்னக் கணக்கு.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்சு இருக்க வேண்டும் என்பது விதி. 10 கட்டில் என்றால் 10 நர்சு. காலை, மாலை, இரவு என்று 3 ஷிப்டு. ஆக 30 பேர். வாரவிடுமுறை, காய்ச்சல், பிரசவம் என்று லீவு போடுபவர்களுக்கு ஈடாக 30 சதவீதம் கூடுதலாக வைக்க வேண்டும். அது 9 பேர்.

10 கட்டிலுக்கு 39 நர்சு! நம்ப முடிகிறதா?

கிண்டியில் 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனை 1,000 படுக்கை கொண்டது. 2022-ம் ஆண்டு ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. படுக்கை பெருகினால் நர்சு மட்டும் போதாது. லேப், எக்ஸ்ரே, ஆபரேஷன் தியேட்டர், மருந்தகம் எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும்.

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கைப்படி 2023-ல் உலகம் முழுவதும் 2 கோடியே 98 லட்சம் நர்சுகள் இருந்தார்கள். இன்னும் 58 லட்சம் பேர் பற்றாக்குறை! அதனால்தான் ஜெர்மனியும், இங்கிலாந்தும், வளைகுடா நாடுகளும் நம் நர்சுகளைத் தேடி வருகின்றன.

அப்படியானால் சம்பளம் ஏன் ஏறவில்லை?

நியாயமான கேள்வி. சரக்கு தட்டுப்பாடு என்றால் விலை ஏறும் என்று கடைக்காரருக்குத் தெரியும். இங்கே மட்டும் ஏன் ஏறவில்லை?

விதிப்படி 39 பேரை வைக்க வேண்டிய இடத்தில் பாதிப் பேரை வைத்து ஓட்டும் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஒரு நர்சு 2 பேர் வேலையை, 3 பேர் வேலையைப் பார்க்கிறார். புதிதாகப் படித்து வருபவர் "அனுபவம் கிடைத்தால் போதும்" என்று குறைந்த சம்பளத்துக்குச் சேருகிறார். 2 வருஷம் கழித்து வெளிநாட்டுக்குப் பறக்கிறார். அந்த இடத்துக்கு அடுத்த புதிய ஆள். சம்பளம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது!

இது சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2016 ஜனவரியில் கோர்ட்டு உத்தரவிட, மத்திய அரசு ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. அந்தக் குழு சொன்ன கணக்கு இது:-

200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் அரசு நர்சுக்குச் சமமான சம்பளம் தர வேண்டும். 100 படுக்கைக்கு மேல் என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. 50-க்குக் கீழே உள்ள சின்ன ஆஸ்பத்திரியானாலும் மாதம் ரூ.20 ஆயிரத்துக்குக் குறையக்கூடாது.

பரிந்துரை நன்றாகத்தான் இருக்கிறது. பல இடங்களில் அது காகிதத்திலேயே இருக்கிறது. வேலைக்குச் சேரும் பெண்கள் இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

படிப்பு எத்தனை வகை?

நர்சு படிப்பில் 3 படிகள் உண்டு.

ஏ.என்.எம். 2 ஆண்டு. கிராம சுகாதார நர்சு வேலைக்கு இது அடிப்படை. பெண்களுக்கு மட்டும்.

ஜி.என்.எம். டிப்ளமோ 3 ஆண்டு.

பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. பிளஸ்-2 வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஆண்களும் சேரலாம். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் பட்டப்படிப்புதான் நல்லது.

"நர்சு வேலை நம்ம பொண்ணுக்கு ஒத்துவராது, ராத்திரி டூட்டி இருக்கும்" என்று நினைப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. லேப் டெக்னீசியன், எக்ஸ்ரே, ஸ்கேன், மயக்க மருந்து உதவியாளர், ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர், பிசியோதெரபி என்று எத்தனையோ படிப்புகள். இதிலும் சில வேலைகளில் இரவு டூட்டி உண்டு. கேட்டுக்கொள்ள வேண்டும்.

டயாலிசிஸ் டெக்னீசியனைப் பாருங்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு வாரத்தில் 2 அல்லது 3 தடவை ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஒரு தடவைக்கு சுமார் 4 மணி நேரம். அந்த நேரம் முழுவதும் எந்திரத்தையும் நோயாளியையும் ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பெருகும் ஊரில் இந்த வேலைக்குப் பஞ்சம் வராது.

இப்படிப்பட்ட 56 வகைத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021-ல் மத்திய அரசு தனிச் சட்டமே கொண்டு வந்தது.

108 ஆம்புலன்சிலும் வேலை உண்டு. தமிழ்நாட்டில் 2008-ல் இது தொடங்கியது. வண்டிக்கு ஒரு டிரைவர், ஒரு மருத்துவ உதவியாளர். டிரைவருக்கு அங்கே "பைலட்" என்று பெயர்!

மருந்துக் கடைக்காரர்கள் கவனிக்க!

மருந்தாளுனர் படிப்பில் டிப்ளமோ 2 ஆண்டு, பட்டம் 4 ஆண்டு. 1948-ம் ஆண்டு பார்மசி சட்டப்படி டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கப் பதிவு பெற்ற மருந்தாளுனர் இருக்க வேண்டும்.

சிலர் என்ன செய்கிறார்கள்? சான்றிதழை மட்டும் "வாடகைக்கு" வாங்கி சுவரில் மாட்டிவிட்டு, கடைப் பையனை விட்டு மருந்து கொடுக்கிறார்கள். இது சட்டப்படி குற்றம். மாத்திரை மாறினால் போவது ஓர் உயிர். சான்றிதழை வாடகைக்கு விட்டவரும் மாட்டுவார், கடைக்காரரும் மாட்டுவார்.

6 மாத நர்சு! உஷார்!

இனி முக்கியமான விஷயம்.

"6 மாதத்தில் நர்சு ஆகலாம்", "ஒரே வருஷத்தில் 100 சதவீதம் வேலை" என்று மின்சாரக் கம்பத்தில் ஒட்டியிருப்பார்கள். அங்கே படித்தால் உதவியாளர் வேலை கிடைக்கலாம். வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைக்கலாம். அதில் தப்பு இல்லை. ஆனால் அவர் நர்சு ஆக முடியாது!

நர்சு என்றால் தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலில் பெயர் பதிவாக வேண்டும். 1926-ம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் இதற்குச் சட்டம் வந்துவிட்டது. கவுன்சில் அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தவருக்குப் பதிவு கிடையாது. பதிவு இல்லாவிட்டால் அரசு வேலை இல்லை, வெளிநாடும் இல்லை.

பி.எஸ்சி. நர்சிங் என்றால் கிண்டியில் உள்ள எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு, அல்லது முறையான வேறு பல்கலைக்கழகத்தோடு கல்லூரி இணைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வேலைக்குச் சேரும்போது இன்னொரு வலை. "2 வருஷம் இருக்கணும், ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடு" என்று வாங்கி வைத்துக்கொள்ளும் நிர்வாகங்கள் உண்டு. நல்ல வேலை வந்தாலும் போக முடியாது. சரிபார்க்கக் காட்டலாம், நகல் கொடுக்கலாம். ஒரிஜினல் நம் வீட்டுப் பெட்டியில்தான் இருக்க வேண்டும்!

அரசு வேலை எப்படி?

தமிழக அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்க 2012-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அமைக்கப்பட்டது. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. அறிவிப்பு வாரியத்தின் இணையதளத்தில் வரும். எந்தப் புரோக்கரும் தேவை இல்லை.

எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கு "நார்செட்" என்ற பொதுத்தேர்வு நடக்கிறது. பி.எஸ்சி. படித்தவர் உடனே எழுதலாம். டிப்ளமோ படித்தவருக்கு 2 ஆண்டு அனுபவம் வேண்டும். 7-வது சம்பளக் கமிஷன்படி அந்த வேலைக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளமே ரூ.44,900.

ஆனால் "அரசு வேலை" என்றதும் துள்ளிவிட வேண்டாம். நிரந்தரமா, ஒப்பந்தமா என்று கேளுங்கள்.

2015-ல் தேர்வு எழுதி அரசு ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த நர்சுகள் மாதம் ரூ.7,700 தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தார்கள். 2017 நவம்பரில் டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டு போராடினார்கள். ஐகோர்ட்டு தலையிட்ட பிறகு வேலைக்குத் திரும்பினார்கள்.

கொரோனா காலத்தில் உயிரைப் பணயம் வைத்து வேலை பார்த்த ஒப்பந்த நர்சுகள் பலருக்கு 2022 டிசம்பர் 31-ந்தேதியோடு வேலை முடிந்தது. அவர்களும் தெருவில் இறங்கினார்கள். ஆள் பற்றாக்குறை ஒரு பக்கம், வேலை போன நர்சு மறு பக்கம். இந்தக் கணக்கு யாருக்கும் புரியவில்லை!

வெளிநாடு போக...

இங்கிலாந்துக்கு ஆங்கிலத் தேர்வு. அமெரிக்காவுக்கு "என்கிளெக்ஸ்" தேர்வு. ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி. இவற்றில் தேறாமல் "நேரா வேலை வாங்கித் தர்றேன்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

கிண்டியில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. நர்சுகளை முறைப்படி அனுப்புகிறது. தனியார் ஏஜெண்டு என்றால் மத்திய அரசில் பதிவு பெற்றவரா என்று எண்ணைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். டூரிஸ்ட் விசாவில் போய் வேலை பார்க்கலாம் என்பவர் உங்களைக் கிணற்றில் தள்ளுகிறார்!

பணம் கட்டும் முன் 5 கேள்வி

1. கவுன்சில் அங்கீகாரம் இந்த வருஷத்துக்கு இருக்கிறதா?

2. எந்தப் பல்கலைக்கழகம் சான்றிதழ் தரும்?

3. பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரி? அங்கே எத்தனை கட்டில்?

4. மொத்தக் கட்டணம் எவ்வளவு? எல்லாவற்றுக்கும் ரசீது உண்டா?

5. போன வருஷம் முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள்? அவர்களில் 2 பேரிடம் பேச விடுவீர்களா?

5 கேள்விக்கும் பளிச்சென்று பதில் வந்தால் தாராளமாகச் சேருங்கள். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார், முதல்ல அட்வான்ஸ் கட்டுங்க" என்று சொன்னால் பணத்தை மடியில் முடிந்துகொண்டு அடுத்த பஸ்சைப் பிடியுங்கள்!