வாத்தியங்கள் வகுப்பறைக்கு வரட்டும்

நம் பாடசாலைகள் பலவற்றில் வீணைக்கு ஆண்டில் ஒருமுறைதான் மதிப்பு. வாணி விழா வந்ததும் அது அலுமாரியினின்று வெளிவரும். சந்தனமும் குங்குமமும் பெறும். விழா முடிந்ததும் மீண்டும் உறையுட் புகும். கலைமகளின் கைப்பொருளைத் தொழுகின்றோம். அதனை நம் பிள்ளைகளின் கையிற் கொடுக்க மட்டும் தயங்குகின்றோம்.

சங்கீத பாடம் இல்லையோவெனின், உண்டு. ஆயினும் அது பெரும்பாலும் வாய்ப்பாட்டோடு அமைந்துவிடுகின்றது. குரல்வளம் வாய்க்காத பிள்ளை, இசை தனக்குரியதன்று என ஒதுங்கிக்கொள்கின்றது. அப்பிள்ளையின் விரல்களில் லயம் உறைந்திருக்கலாம். அதனைச் சோதித்தறியாமலே நாம் தீர்ப்பளித்தல் நீதியாகுமா?

வாத்தியம் சங்கீத வகுப்புக்கு மட்டும் உரியதுமன்று. கணிதம் பயிலும் மாணவன் வீணையின் 24 மெட்டுக்களையும் அளந்து பார்க்கட்டும். தந்தியின் நீளம் பாதியாகுமிடத்தில் மேல் ஸட்ஜமும், மூன்றில் இரண்டு பங்காகுமிடத்திற் பஞ்சமமும் பிறப்பதை அவன் காதாலேயே கேட்பான். கரும்பலகையில் அவனை அச்சுறுத்திய பின்னங்கள் அன்று இனிக்கும்.

மிருதங்கத்தின் வலந்தலையிலுள்ள கரிய வட்டத்தை நோக்குங்கள். வெறுந் தோலின் ஒலியைச் சுருதியோடு இயையச் செய்வது அதுவே என்பதை விஞ்ஞானி சி. வி. இராமன் ஆராய்ந்து, 1920ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார். நம் கைவினைஞர் பரம்பரையாக அறிந்திருந்ததையே விஞ்ஞானம் விளக்கிற்று.

கலையும் விஞ்ஞானமும் கைகோத்துச் செல்லும் என்பதற்கு ஈழநாட்டிலேயே சான்றுண்டு. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. 1947இல் வெளிவந்த அவரது யாழ் நூல், வழக்கொழிந்த யாழினைச் சிலப்பதிகாரத்தின் துணையோடும் கணிதத்தின் துணையோடும் ஆராய்ந்த பெருநூலாகும்.

"பரீட்சைக்குப் படிக்கும் காலம் வீணாகாதா? அடுத்த வகுப்புக்கு இரைச்சலாகாதா?" எனப் பெற்றோர் வினவலாம். வாரத்தில் ஒரு பாடவேளை போதும், மரநிழலும் வகுப்பறையே. ஒருவர் மீட்ட, மற்றையோர் தாளமிடலாம். ஒருவருக்கொருவர் செவிகொடுத்துத் தம் முறைக்காகக் காத்திருக்கும் பண்பை இதனினும் நன்கு கற்பிக்கும் பாடம் யாதுளது?

பிள்ளைகள் கைபட்டால் வீணை பழுதுபடும் என்று அஞ்சுவோரும் உளர். பூட்டிய அலுமாரியிலும் தந்தி துருவேறும். குடத்தைப் பூச்சி அரிக்கும். பழகி அறுந்த தந்தியை மாற்றிவிடலாம். தொட்டறியாமலே கழிந்த பிள்ளைப் பருவத்தை எவ்வாறு மீட்பது?

அடுத்த வாணி விழா முடியும்போது வீணையை மீண்டும் உறையில் இடாதிருப்போமாக.