யாருடைய இசைவு?

சென்னிமலையிலிருந்து ஒரத்துப்பாளையம் அணைக்கு பைக்கில் போனால் அரை மணி நேரம் ஆகாது. நொய்யலின் குறுக்கே கட்டி 1992இல் திறந்தார்கள். ஈரோடு, கரூர்ப் பக்கத்து நிலங்களுக்குப் பாசனம் என்பது திட்டம். நடந்தது வேறு. மேலே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் விட்ட கழிவு வந்து தங்குகிற தொட்டியாக அணை மாறியது. எந்த விவசாயிக்காக அணை கட்டினார்களோ, அவரே சில வருஷங்களில் ‘தண்ணி உடாதீங்க சாமி’ என்று சொல்லும்படி ஆயிற்று. பாசன அணையைப் பார்த்து ஆயக்கட்டுக்காரர் தண்ணீர் வேண்டாம் என்று சொல்வது, ‘வளர்ச்சி’ பற்றிய நமது கதையாடலில் இடமே இல்லாத ஒரு வாக்கியம். சுற்றுச்சூழல் சட்டங்களில் அண்மையில் நடந்திருக்கும் மாற்றங்களை அந்த வாக்கியத்திலிருந்து படித்துப் பார்க்கலாம் என்பதுதான் இக்கட்டுரையின் முயற்சி.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். சென்னிமலை போர்வைக்குப் பேர்போன ஊர். சாயம் ஏறிய நூல் இல்லாமல் இங்கே தறி ஓடாது. ஆகவே ‘திருப்பூர்க்காரன் கெடுத்தான், நாங்கள் கெட்டோம்’ என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. இதே நொய்யல் கரையில், கொடுமணலில், ஈராயிரம் வருஷத்துக்கு முன்பே கல்மணி செய்யும் பட்டறைகள் இருந்ததை அகழாய்வு காட்டுகிறது. ஆற்றங்கரையில் தொழில் நடப்பது புதிதல்ல. ஆறு எவ்வளவு தாங்கும் என்று சொல்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

1974ஆம் ஆண்டின் நீர் (மாசு தடுப்பு, கட்டுப்பாடு) சட்டம் அந்த அதிகாரத்தை வாரியத்திடம் கொடுத்தது. தமிழ்நாட்டில் வாரியம் 1982இல் வந்தது. பட்டறை தொடங்கவும், கழிவை வெளியே விடவும் வாரியத்தின் ‘இசைவாணை’ வேண்டும். இந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இசைவு என்பது மனம் ஒப்புவது. ஆணை என்பது மேலிருந்து வருவது. இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக்கியிருக்கிறார்கள். ஒப்புக்கொள்வது வாரியம், குடிப்பது கீழ்க்கரை ஜனம். அந்த ஜனத்தின் இசைவுக்கு இந்தச் சொல்லுக்குள் இடமில்லை.

இசைவாணையோடு பட்டறைக்காரர்கள் செய்தது என்ன? பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு போட வேண்டும். போட்ட உப்பு துணியில் தங்காது. கழிவுநீரோடு வெளியே வரும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். அவை நிறத்தை எடுத்தன, உப்பை எடுக்கவில்லை. கரைந்திருக்கும் உப்பு வகைகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ஆனால் கண்ணுக்குத் தெரிவது நிறம்தானே. தெளிந்த தண்ணீராகப் போய், கிணற்றில் சப்பத் தண்ணியாக ஊறி வந்தது. சட்டத்தின் கண் நிறத்தைப் பார்த்தது, நாக்குக்குத்தான் உண்மை தெரிந்தது.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 1996 ஆகஸ்டில், வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் ‘கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும்’ என்பதை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்திருந்தது. அத்தீர்ப்பை ஒட்டி அமைந்த சூழலிழப்பு ஆணையம், 2004இல் நொய்யல் பகுதியில் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் நஷ்டஈடு கணக்கிட்டது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வராத நிலையை எட்டச் சொல்லிக் கெடு வைத்தது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசா, பிறகு 8, பிறகு 10 பைசா அபராதம் என்றது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அப்படியும் நடக்காமல், 2011 ஜனவரி 28 அன்று திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் எல்லாவற்றையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: தண்டம், ஈடு. ஊர்ப் பஞ்சாயத்தில் ‘தண்டங் கட்டுவது’ செய்த தப்புக்கு; கட்டியவுடன் காரியம் முடிந்தது. ஈடு அப்படியல்ல. போனதற்குச் சமமாக ஒன்றை வைப்பது ஈடு. கிணறு பழையபடி ஆகாதவரை ஈடு முடியாது. லிட்டருக்கு 10 பைசா என்பது பட்டறைக்காரர் வாயில் சீக்கிரமே ‘ரேட்’ ஆகிவிடக்கூடிய ஒன்று. மூடச் சொல்லும் உத்தரவு பின்னால் நின்றதால்தான் அது வெறும் ரேட் ஆகாமல் தப்பியது.

இனி புதிய சட்டத்துக்கு வருவோம். நீர்ச் சட்டத்தின் 2024ஆம் ஆண்டுத் திருத்தம், பல மீறல்களுக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை பணத் தண்டம் என்று வைத்தது. விதிப்பது நீதிமன்றம் அல்ல, அரசு நியமிக்கும் அதிகாரி. 2023இல் வந்த ‘ஜன் விஸ்வாஸ்’ சட்டம் காற்று, சுற்றுச்சூழல் சட்டங்களுக்கும் இதே வழியைக் காட்டியிருந்தது. இசைவாணை இல்லாமல் ஆலை நடத்துவது இன்னும் சிறைக்குரிய குற்றம்தான். ஆனால் சில வகை ஆலைகளுக்கு இசைவாணையே தேவையில்லை என்று விலக்கு அளிக்கும் அதிகாரத்தையும் அதே திருத்தம் மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. பூட்டை வைத்துக்கொண்டே கதவைக் கழற்றுகிற வேலை இது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளைக்கு 2 லட்சம் லிட்டர் கழிவு விடும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். 2007இன் 10 பைசாக் கணக்கில் அதற்கு ஒரு நாளைக்கு 20,000 ரூபாய் ஆகும். இன்றைய குறைந்தபட்சத் தண்டமான 10,000 அதில் அரை நாள். அதிகபட்சமான 15 லட்சம் 75 நாள். தொடர்ந்து மீறினால் கூடுதல் தொகை சேரும் என்பது உண்மைதான். என்றாலும், குற்றம் என்று இருந்ததைச் செலவு என்று மாற்றி எழுதுகிற மொழி இது. செலவை லாபத்தில் கழித்துக்கொள்ளலாம்.

நீதிமன்றங்களின் மொழி வேறு திசையில் போயிருப்பதையும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாற்றுத் தோல் ஆலைகள் வழக்கில், நஷ்டஈடு கொடுத்ததோடு பொறுப்பு தீராது, சூழல் மீளும்வரை தொடரும் என்றது. முதலில் அரசு கொடுத்துவிட்டு, பிறகு கெடுத்தவர்களிடம் வசூலிக்கச் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில், தண்டம் வேறு, சூழலைச் சீர்செய்யும் ஈடு வேறு என்று பிரித்து, ஈட்டை விதிக்கும் அதிகாரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கு உண்டு என்றது. பாராளுமன்றம் தண்டத்தின் பக்கம், நீதிமன்றம் ஈட்டின் பக்கம் என்று தோராயமாகச் சொல்லலாம்.

ஆனால் ஈட்டையும் நாம் சந்தேகிக்கத்தான் வேண்டும். உச்ச நீதிமன்றத்துக்குப் போன நொய்யல் வழக்கின் தலைப்பைப் பாருங்கள்: ஒரு பக்கம் சாயப்பட்டறை உரிமையாளர் சங்கம், இன்னொரு பக்கம் ஆயக்கட்டுதாரர் சங்கம். இருவருமே உடைமையாளர்கள். பட்டாவில் பெயர் இல்லாத பண்ணையாள், அதிலும் பெரும்பாலோர் அருந்ததியர், இந்தத் தலைப்பில் இல்லை. பூமி உப்பாகி வேலை போனால் அவருக்கு எத்தனை ஏக்கர் என்று கணக்குப் போடுவது? சாயத் தொட்டியில் கையை விட்டு நின்று, 2011இல் ஒரே நாளில் வேலையிழந்தவரும் தலைப்பில் இல்லை. பல வீடுகளில் இந்த இருவரும் ஒரே குடும்பம்: அப்பா பண்ணையம் பார்த்தவர், மகன் பட்டறைக்குப் போனவன். சட்டம் எதிரெதிரே நிறுத்திய இரண்டு தரப்புக்கும் நடுவில் அந்த வீடு கிடக்கிறது.

நீர் மாநிலப் பட்டியலில் வருவது. அதனால்தான் 2024 திருத்தம் முதலில் இமாச்சலப் பிரதேசம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்களுக்கு மட்டும் என்று வந்தது. மற்ற மாநிலங்களில் அது செல்ல வேண்டுமானால் அந்தந்தச் சட்டமன்றம் தீர்மானம் போட வேண்டும். அதாவது, இசைவு என்ற சொல் இந்த ஓரிடத்தில் மட்டும் நம் கைக்கு எட்டுகிறது. அதிகாரி விதிக்கும் தண்டம் போதுமா, விலக்குப் பட்டியலை யார் எழுதுவது, நிலமில்லாதவருக்கு ஈடு எந்தக் கணக்கில் என்ற கேள்விகளை நம் தொகுதி எம்.எல்.ஏ. முன்னால் வைக்க முடியும். எழுதுகிறவர்களும் களத்தில் நிற்கிறவர்களும் இதைச் சட்டக்காரர்கள் வேலை என்று விட்டுவிட்டால், அடுத்த அணைக்கும் கீழ்க்கரைக்காரர் ‘தண்ணி உடாதீங்க’ என்றுதான் சொல்வார். அதையும் நாம் இசைவு என்று எழுதிக்கொள்வோமா?