மேடை, திரை, தொலைக்காட்சி: மூன்று களங்களிலும் நின்ற ஜோரா சேகல்

நடிப்புக் கலை ஒன்றே எனினும், அது நிகழும் களங்கள் இன்று மூன்றாக உள்ளன. நாடக மேடை, திரைப்படம், தொலைக்காட்சி என்பன அவை. ஒன்றில் பெரும்புகழ் பெற்றோர் மற்றொன்றில் ஒளி மங்கிப் போவதை நாம் கண்டிருக்கிறோம். மேடையில் ஆயிரம் பேரைக் கண்கலங்க வைத்தவர், படக்கருவியின் முன் நின்றதும் "மிகையாக நடிக்கிறார்" என்று பெயர் வாங்குகிறார். திரையில் சுடர்விட்டவர் மேடை ஏறியதும் அவர் குரல் ஐந்தாம் வரிசைக்கு அப்பால் கேட்பதில்லை. இஃது ஏன்? மூன்றிலும் தளராது நின்றவர்களிடம் இருந்த பொருள் யாது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர்க்கு ஜோரா சேகல் அம்மையாரின் (1912-2014) வாழ்க்கை சிறந்த சான்றாகும்.

தமிழ் மக்கள் பலர் அவரைப் பெயரால் அறியார், முகத்தால் அறிவர். 1998-ஆம் ஆண்டில் மணிரத்னம் இயக்கத்தில் இந்தியில் 'தில் சே' என்றும், தமிழில் 'உயிரே' என்றும் வெளிவந்த படத்தில் கதாநாயகனின் பாட்டியாகத் தோன்றியவர் அவரே. அப்போது அவருக்கு வயது 86. அந்தப் பாட்டியின் முகத்தைக் கண்டு மகிழ்ந்தவர்களுள், அதற்குப் பின்னால் அறுபதாண்டுக்கு மேற்பட்ட கலைத் தொண்டு இருந்ததை அறிந்தவர் சிலரே.

உடலே முதற் கருவி

1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் வட இந்தியாவில் பட்டாணிய முஸ்லிம் குடும்பமொன்றில் ஜோரா பிறந்தார். இளமையிலேயே கண்நோயால் ஓர் கண்ணின் பார்வை கெட்டது. லாகூரில் மகளிர் கல்லூரி ஒன்றில் பயின்றபின், 1930-இல் தம் மாமன் துணையுடன் மோட்டார் வண்டியில் பாரசீகம் வழியாகத் தரைமார்க்கமாய்ப் புறப்பட்டு, கடைசியில் கப்பலேறி ஐரோப்பா சென்றார். கோஷா முறை வழங்கிய குடும்பத்துப் பெண் ஒருத்தி அக்காலத்தில் இவ்வாறு சென்றது எளிய செயலன்று.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மேரி விக்மன் என்னும் புகழ்பெற்ற ஆடற்கலை ஆசிரியை நடத்திய பள்ளியில் அவர் மூன்றாண்டுகள் பயின்றார். விக்மனின் முறை பழைய ஐரோப்பிய நாட்டியத்தினின்றும் வேறுபட்டது. அழகான அசைவைக் காட்டுவது அதன் நோக்கமன்று. உள்ளத்தில் எழும் உணர்ச்சியை உடல் தானே வடிவாக்கிக் காட்ட வேண்டும் என்பதே அதன் அடிப்படை. பிற்காலத்தில் ஜோரா நடிகையானபோது இப்பயிற்சியே அவருக்கு மூலதனமாயிற்று.

1935-இல் உதயசங்கர் தம் நடனக் குழுவில் சேருமாறு தந்தி கொடுத்து அழைத்தார். அக்குழுவுடன் ஜோரா ஜப்பான் தொடங்கிப் பல நாடுகளுக்குச் சென்று ஆடினார். பின்னர் இமயச் சாரலில் அல்மோராவில் உதயசங்கர் நிறுவிய கலை மையத்தில் ஆசிரியை ஆனார். அங்கே உடன் பணியாற்றிய காமேசுவர் சேகல் என்னும் இளைஞரை 1942 ஆகஸ்டில் மணந்தார். மணமகன் இந்து, மணமகள் முஸ்லிம். இருவரும் லாகூரில் நடனப் பள்ளி தொடங்கினர். எனினும், மத வேற்றுமை நாளுக்கு நாள் கொதிப்பேறிய அந்நகரில் கலப்பு மணம் செய்த தம்பதியர் நிம்மதியாக வாழ முடியவில்லை. பள்ளியை மூடிவிட்டுப் பம்பாய்க்குப் பெயர்ந்தனர்.

பிருத்வி மேடையில் பதினான்கு ஆண்டுகள்

பம்பாயில் பிருதிவிராஜ் கபூர் 1944-இல் 'பிருத்வி தியேட்டர்ஸ்' என்னும் நாடகக் குழுவைத் தொடங்கியிருந்தார். ஜோராவின் தங்கை உஸ்ரா அதில் முன்னணி நடிகை. 1945-இல் ஜோராவும் சேர்ந்தார். நடன ஆசிரியை, நடிகை என இரு பொறுப்புகளை ஏற்றார். கதாநாயகி வேடம் பெரும்பாலும் தங்கைக்கே உரியது. அக்காளுக்குக் கிடைத்தவை துணை வேடங்கள். பதினான்கு ஆண்டுகள் அவர் இந்நிலையிலேயே உழைத்தார்.

அக்குழு வெறும் பொழுதுபோக்கிற்காக நாடகம் நடத்தவில்லை. 1945-இல் அரங்கேறிய 'தீவார்' (சுவர்), ஒரே வீட்டைச் சுவரெழுப்பிப் பிரிக்கும் சகோதரர்களின் கதை. நாட்டுப் பிரிவினைக்கு இரண்டாண்டு முன்பே அந்த ஆபத்தை எச்சரித்த நாடகம் அது. 'பட்டாண்' இந்து-முஸ்லிம் நட்பைப் பாடுபொருளாகக் கொண்டது. நாடகம் முடிந்ததும் பிருதிவிராஜ் வாயிலில் தலை குனிந்து துணியேந்தி நிற்பார். மக்கள் இடும் காசு பொதுக் காரியங்களுக்குப் போகும். 1960-இல் குழு மூடப்படும் வரை ஊர் ஊராகச் சென்று 2,662 முறை நாடகங்கள் நடத்தப்பெற்றன.

மேடை நடிப்பின் இயல்பை இங்கே கருத வேண்டும். முதல் வரிசையில் இருப்பவரும் கடைசி வரிசையில் இருப்பவரும் ஒரே நேரத்தில் பார்க்கின்றனர். ஆகவே கையசைவு பெரிதாகவும், சொல் தெளிவாகவும், மூச்சு நீளமாகவும் இருத்தல் வேண்டும். கதை தொடக்கம் முதல் இறுதி வரை முறையாக ஓடும். தவறினால் திருத்தி மறுபடி செய்ய வழியில்லை. நூறாம் முறை சொல்லும் வசனத்தையும் முதன்முறை சொல்வதுபோல் சொல்ல வேண்டும். இத்தகைய தவத்தைப் பல்லாண்டு செய்தவரின் உடலும் குரலும் அவர் ஏவியபடி கேட்கும்.

படக்கருவியின் முன்

திரைப்படம் இதற்கு மாறானது. படக்கருவி நடிகரின் அருகில் வந்து நிற்கிறது. முகம் திரையில் பலமடங்கு பெருகித் தெரிகிறது. மேடையில் கையை உயர்த்திக் காட்ட வேண்டிய துயரத்தை இங்கே இமையின் சிறு அசைவே காட்டிவிடும். காட்சிகள் கதையின் வரிசைப்படி எடுக்கப்படுவதுமில்லை. காலையில் சாவுக் காட்சியும் மாலையில் திருமணக் காட்சியும் எடுக்கப்படலாம். ஆதலின் உணர்ச்சியை வேண்டும்போது வரவழைக்கவும், அளந்து செலவிடவும் தெரிய வேண்டும்.

ஜோரா 1946-இல் சேத்தன் ஆனந்த் இயக்கிய 'நீச்சா நகர்' படத்தில் நடித்தார். பிரான்சு நாட்டின் கேன் நகரில் அவ்வாண்டு நடந்த முதல் திரைப்பட விழாவில் உயரிய பரிசு பெற்ற படங்களுள் அதுவும் ஒன்று. அல்மோரா மையத்தில் பயின்ற குரு தத் 1951-இல் தாம் முதன்முதலாக இயக்கிய 'பாஸி' படத்திற்கு ஜோராவையே நடனம் அமைக்கச் செய்தார். ஆயினும் பம்பாய்ப் படவுலகம் அவரைப் பெரிய நடிகையாக ஏற்கவில்லை. வயது நாற்பதை நெருங்கும் பெண்ணுக்கு ஏற்ற கதைகளை எழுத அக்காலத்தில் எவரும் முன்வரவில்லை.

ஐம்பதில் மீண்டும் அரிச்சுவடி

1959-இல் கணவர் தற்கொலை செய்துகொண்டார். இரு குழந்தைகள், அடுத்த ஆண்டே நாடகக் குழுவும் மூடப்பட்டது. டில்லியில் சில காலம் நாடகப் பயிற்சிக் கூடம் ஒன்றை நடத்திய ஜோரா, 1962-இல் உபகாரச் சம்பளம் பெற்று நாடகம் பயில இலண்டன் சென்றார். அவருக்கு அப்போது ஐம்பது வயது. தாய்நாட்டில் பல்லாயிரம் மக்கள் முன் நடித்தவர், அந்நகரில் பெயர் தெரியாத ஒருவராகச் சிறு வேடங்களுக்குக் காத்திருந்தார்.

அவருக்கு வாயில் திறந்தது தொலைக்காட்சி. அக்காலப் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நாடகம் மேடைக்கும் திரைக்கும் இடைப்பட்டதாக இருந்தது. ஒளிப்பதிவு நாடாவை வெட்டி ஒட்டுவது கடினமாகையால், நீண்ட காட்சிகளை நிறுத்தாமல் நடித்து முடிப்பர். பல கருவிகள் பல பக்கங்களிலிருந்தும் படம்பிடிக்கும். வசனத்தை முழுமையாக மனத்தில் இருத்தும் மேடைப் பழக்கமும், முகத்தை அடக்கி நடிக்கும் திரைப் பழக்கமும் இதற்கு ஒருங்கே வேண்டும். பிருத்வியில் பெற்ற பயிற்சி ஜோராவுக்கு இங்கே கைகொடுத்தது. 1964, 1965-ஆம் ஆண்டுகளில் பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' தொடரில் சிறு வேடங்களில் வந்தார். அவர் தோன்றிய 'மார்க்கோ போலோ' பகுதியின் மூல நாடாக்கள் பிற்காலத்தில் அழிக்கப்பட்டன. காற்றோடு போய்விடும் மேடை நடிப்பைப் போலவே, பதிவு செய்யப்பட்ட நடிப்பும் மறையக்கூடும் என்பதற்கு இதுவோர் எடுத்துக்காட்டு.

உரிய புகழ் அவரை வந்தடைந்தது 1984-இல்தான். இந்தியாவில் ஆங்கில ஆட்சியின் இறுதிக் காலத்தைச் சித்தரித்த 'தி ஜூவல் இன் தி கிரவுன்' என்னும் தொடரில் சாட்டர்ஜி சீமாட்டியாக அவர் நடித்தார். ஆங்கிலேயரோடு பழகியும் தன் மதிப்பை விடாத அம்மூதாட்டியை, குரலை உயர்த்தாமல், நிமிர்ந்த இருப்பினாலேயே உருவாக்கிக் காட்டினார். அடுத்து இலண்டனில் இந்திய உணவகம் நடத்துவோரைப் பற்றிய 'தந்தூரி நைட்ஸ்' என்னும் நகைச்சுவைத் தொடரில் முற்றிலும் வேறான வேடம் ஏற்றார். அப்போது அவர் எழுபதைக் கடந்திருந்தார்.

லாகூர் மேடையில் இரு சகோதரிகள்

அவர் வாழ்வின் உருக்கமான நிகழ்ச்சி இனிமேல்தான் வருகிறது. தங்கை உஸ்ரா 1964-இல் பாகிஸ்தானில் குடியேறிவிட்டார். 'தீவார்' நாடகத்தில் எழுந்த சுவர், அந்நாடகத்தை நடத்திய குழுவைச் சேர்ந்த சகோதரிகளுக்கிடையிலேயே எழுந்துவிட்டது. 1993-இல் லாகூரின் 'அஜோகா' நாடகக் குழு இருவரையும் ஒரே மேடையில் சேர்த்தது. 'ஏக் தீ நானீ' (ஒரு பாட்டி இருந்தாள்) என்ற அந்நாடகம், எல்லைக்கு இருபுறமும் பிரிந்து வாழ்ந்த இரு சகோதரிகளின் கதை. அவர்கள் சொந்த வாழ்க்கையையே தழுவி எழுதப்பட்டது. மத வேற்றுமையால் தாம் நடனப் பள்ளியை மூடிவிட்டுப் போன அதே நகரில், 81 வயது அக்காளும் 76 வயதுத் தங்கையும் தம் கதையைத் தாமே நடித்தனர். எந்தப் படக்கருவியும் இதற்கு ஈடான அனுபவத்தைத் தந்துவிட முடியாது. மேடையில் மட்டுமே நடிகரும் காண்போரும் ஒரே கூரையின் கீழ், ஒரே காற்றைச் சுவாசித்து அமர்ந்திருக்கின்றனர்.

தொண்ணூறுகளில் தாயகம் திரும்பிய பின்னரே இந்தித் திரையுலகம் அவரை விரும்பி அழைத்தது. 2007-இல் பால்கி இயக்கி இளையராஜா இசையமைத்த 'சீனி கம்' படத்தில் அமிதாப் பச்சனின் தாயாக நடித்தபோது அவருக்கு வயது 95. குறும்பு ததும்பும் வசனங்களை நேரந் தவறாது எறிந்து, புகழ்பெற்ற நடிகருக்கு எதிரே சரிசமமாக நின்றார். பத்மஸ்ரீ 1998-இலும், பத்மபூஷண் 2002-இலும், பத்மவிபூஷண் 2010-இலும் வழங்கப்பட்டன. 2014 ஜூலை 10-ஆம் நாள் தம் 102-ஆம் வயதில் டில்லியில் காலமானார்.

நாம் கொள்ள வேண்டியது

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். மூன்று களங்களுக்கும் உள்ள வேறுபாடு, நடிகருக்கும் காண்போருக்கும் இடையிலுள்ள தூரமே. மேடையில் அது நெடுந்தூரம், திரையில் அணுவளவு, தொலைக்காட்சியில் வீட்டுக் கூடத்தின் தூரம். உடலையும் குரலையும் தம் வசப்படுத்தியவர் தூரத்திற்கேற்ப நடிப்பைப் பெருக்கவும் சுருக்கவும் வல்லவர் ஆகிறார். முகவெட்டை மட்டும் நம்பியவருக்கு அது கைகூடுவதில்லை. முகவெட்டுப் போனதும் அவர் தொழிலும் போய்விடுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஜோராவுக்கு விருதுகள் குவிந்தது, திரையில் அவர் பாட்டியாக வந்த பின்னரே. அப்பாட்டியை உருவாக்கிய பிருத்வி நாட்களின் நடிப்பை இன்று காண வழியில்லை. நம் ஊர்க் கோயில் திடல்களிலும் தோட்டத்து மேடைகளிலும் நாடகமாடிய பெண்கள் எத்தனையோ பேர். திரை அவர்களைத் தீண்டவில்லை. ஆகவே அவர்கள் பெயரும் நம்மிடம் இல்லை. அவர்களுள் இன்னும் உயிரோடிருப்பவர்களைத் தேடிச் சென்று அவர்கள் சொல்வதை எழுதி வைப்பது, நாடகக் கலையில் பற்றுடைய நம் இளைஞர்கள் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும்.