பொது நன்மையும் தனிமனிதர் நிலமும்: தன்னுரிமையாளர், முற்போக்கினர் நோக்குகள்

முன்னுரை

அரசு, பெருநிறுவனம், மக்கள் ஆகிய மூன்று ஆற்றல்களுள் எது எதனைக் கட்டுப்படுத்த வேண்டும்? இவ்வினாவிற்கு அமெரிக்க அரசியற் சிந்தனை இருவேறு விடைகளைத் தருகின்றது. ஒன்று, லிபர்டேரியன் எனப்படும் தன்னுரிமையாளருடையது, மற்றொன்று முற்போக்கினருடையது. தமிழ்த் திறனாய்வில் 'முற்போக்கு' என்னும் சொல் பெரும்பாலும் இடதுசாரி இலக்கிய இயக்கத்தைக் குறிக்கும். அமெரிக்க வழக்கிலோ, முதலாளியத்தை ஒழிக்காமல் நெறிப்படுத்த முனைவோரையே அது பெரிதும் சுட்டுகிறது. இவ்விரு நோக்குகளையும் ஒரு வழக்கின்வழி விளக்குவதே நம் நோக்கமாகும்.

இரு நோக்குகள்

தன்னுரிமையாளர் அரசின் வற்புறுத்தும் அதிகாரத்தையே முதன்மையான இடராகக் காண்பர். உரிமைகளைக் காப்பதற்கு மேற்பட்ட பணி அரசுக்கு இல்லை என இராபர்ட் நோசிக் 1974இல் வாதிட்டார். நிறுவனம் எவ்வளவு பெரிதாயினும், அரசின் துணையின்றி ஒருவரது வீட்டை அதனால் பறிக்க இயலாது என்பது இவர்தம் வாதம்.

முற்போக்கினரோ, செல்வக்குவிப்பே ஓர் அதிகாரம் என்பர். அதனை எதிர்கொள்ள மக்களுக்குள்ள கருவி அரசே என்பது அவர்தம் துணிபு. 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டத்தைக் கொண்டு 1911இல் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் பிரிக்கப்பட்டதை இதற்குச் சான்றாகக் காட்டலாம்.

நியூ லண்டன் வழக்கு

கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டன் நகரில் ஃபைசர் நிறுவனம் ஆய்வுக்கூடம் அமைக்க முன்வந்ததாக 1998இல் அறிவிக்கப்பட்டது. அதனையொட்டிய பகுதியில் விடுதி, குடியிருப்பு, அலுவலகங்கள் அமைக்க நகராட்சி திட்டமிட்டு, வீடுகளைக் கையகப்படுத்த முற்பட்டது. உரிமையாளர் ஒன்பதின்மர் மறுத்தனர். அவருள் ஒருவர் 1918இல் தாம் பிறந்த வீட்டிலேயே வாழ்ந்து வந்த மூதாட்டியார். இழப்பீட்டை உயர்த்துவதன்று, வீட்டை இழக்காதிருப்பதே அவர்தம் வேண்டுகோள்.

'கீலோ எதிர் நியூ லண்டன்' எனப்படும் இவ்வழக்கில், 2005ஆம் ஆண்டு ஜூன் திங்களில் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் நகராட்சிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பொருளாதார வளர்ச்சியும் 'பொதுப் பயன்பாடு' ஆகும் என்பது பெரும்பான்மையினரின் முடிவு. தாராளவாதச் சார்புடையோராகக் கருதப்பட்ட நீதிபதிகள் நால்வரும் அப்பக்கமே நின்றனர். 1905இல் ரொட்டித் தொழிலாளரின் வேலைநேர வரம்புச் சட்டத்தை இதே நீதிமன்றம் செல்லாதாக்கியதை எண்ணின், சட்டமன்றங்களின் முடிவில் நீதிமன்றம் தலையிடலாகாது என்னும் அவர்தம் தயக்கம் விளங்கும்.

ஆயினும், இத்தகைய அதிகாரம் செல்வாக்குடைய பெருநிறுவனங்களுக்கே நன்மை பயக்கும் என நீதிபதி ஓ'கானர் மறுப்புரைத்தார். அதன் சுமை ஏழை மக்கள் மீதே விழும் என்றார் நீதிபதி தாமஸ். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பும் தன்னுரிமைச் சட்ட அமைப்பொன்றும் வீட்டு உரிமையாளர் பக்கம் நின்றமை ஈண்டுக் கருதத்தக்கது.

ஒற்றுமையும் வேற்றுமையும்

தீர்ப்புக்குப் பின் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தம் சட்டங்களைத் திருத்தின. சில மாநிலங்களில் 2006ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்களே நேரடியாக வாக்களித்து இம்மாற்றத்தைக் கொணர்ந்தனர். ஆனால், அதே தேர்தலில் கலிபோர்னியாவின் 90ஆம் முன்மொழிவு தோற்றது. வீடு பறிப்பதைத் தடுப்பதோடு நில்லாமல், நிலத்தின் மதிப்பைப் பெரிதும் குறைக்கும் அரசு விதிகளுக்கும் இழப்பீடு கோரியது அது. தன்னுரிமையாளர் அதனை ஆதரிக்க, சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்த்தன. நோயைக் கண்டறிவதில் ஒன்றுபட்டோர் மருந்தில் வேறுபட்டனர் எனலாம். முன்னவர் அதிகாரத்தையே குறைக்க விழைந்தனர். பின்னவர் அதனை மக்களின் கண்காணிப்பிற்கு உட்படுத்த விழைந்தனர்.

முடிவுரை

2009இல் ஃபைசர் நிறுவனம் நியூ லண்டனை விட்டு நீங்குவதாக அறிவித்தது. வீடுகள் அகற்றப்பட்ட நிலம் ஆண்டுகள் பல தரிசாகவே கிடந்தது. நமக்கும் இவ்வினா அயலானதன்று. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் 1991இல் திருத்தப்பட்டபோது, பொருளாதார வளர்ச்சிக்கு நலந்தருவதென மாநில அரசு கருதும் நோக்கத்திற்காகத் தனியாருக்கும் நிறுவனத்திற்கும் நிலம் எடுக்க வழி ஏற்பட்டது. 'பொது நன்மை' என்னும் தொடரை மாணவர்க்கு விளக்கும்போது, அதனை வரையறுப்பவர் யார், அதன் விலையைச் செலுத்துபவர் யார் என்னும் இரு வினாக்களையும் உடன்வைத்தல் நம் கடனாகும்.